டிராக்கன்ஸ்பர்க் புல்வெளியில் காட்டு ஆர்க்கிட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தை பிறந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் காவடிப் பேச்சு. எங்கள் கூட்டத்துக்கு அதோடு இன்னொரு பேச்சும் சேர்ந்துகொள்ளும்: "மலையில் டீசா பூத்துவிட்டதாமே, எப்போது போகலாம்?" டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரப் புல்வெளிகளில் டீசா முதலான காட்டு ஆர்க்கிட்டுகள் பூக்கும் காலம் அது. சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டோங்காட் என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கும் நண்பர்கள் இரண்டு காரில் ஏறி, விடியுமுன் கிளம்பி, இருட்டுமுன் வீடு திரும்புவோம். புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். அதனால் பதில்களை இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

ஆர்க்கிட் மரத்தில் ஒட்டிக்கொண்டு வளருமே, புல்வெளியில் எப்படி?

பூக்கடையில் தொட்டியோடு விற்பதைப் பார்த்துப் பழகியதால் வரும் சந்தேகம் இது. அந்தத் தொட்டிப் பூக்கள் ஆசியக் காடுகளின் வாரிசுகள். தென்னாப்பிரிக்காவில் நானூற்றுக்கும் மேற்பட்ட ஆர்க்கிட் இனங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை தரையில் வளர்பவை. மண்ணுக்குள் ஒரு கிழங்கு இருக்கும். மழைக்காலத்தில் இலையும் தண்டும் மேலே வந்து பூக்கும். குளிர்காலம் வந்ததும் எல்லாம் காய்ந்து, கிழங்கு மட்டும் உள்ளே தூங்கும். ஆகஸ்ட் மாதம் அதே இடத்தில் போய் நின்றால் வைக்கோல் நிறப் புல்லைத் தவிர ஒன்றும் இருக்காது.

மரத்தில் வளர்பவையும் உண்டு. சூலுலாந்து பக்கம் சிறுத்தைப் புள்ளியோடு மஞ்சளாகப் பூக்கும் அன்செல்லியா பெயர் பெற்றது. ஆனால் நாம் போவது அதற்காக அல்ல.

எந்த மாதம் போக வேண்டும்?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. ஜனவரி இரண்டாம் பாதி எனக்குப் பிடித்த நேரம். பல இனங்கள் சேர்ந்து பூத்திருக்கும். அக்டோபர், நவம்பரில் போனால் யூலோஃபியா என்ற தரை ஆர்க்கிட் வகைகள் கிடைக்கும். புல் குட்டையாக இருப்பதால் கண்டுபிடிப்பதும் சுலபம்.

எங்கே போவது? எவ்வளவு தூரம்?

தெற்கு டிராக்கன்ஸ்பர்க். டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி, ஹோவிக் பக்கம் திரும்பி, ஆர்617 சாலையில் புல்வர் வழியாக அண்டர்பெர்க். ஏறத்தாழ 200 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். அங்கிருந்து ஹிம்வில் கொஞ்ச தூரம்தான். அதற்குப் பிறகு மூன்று திசை: சானி பாஸ் என்ற கணவாயின் அடிவாரம், கோப்ஹாம், கார்டன் காசில். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது கோப்ஹாம். வாசலில் பணம் கட்டி, பதிவேட்டில் பெயரும் போகும் பாதையும் எழுதிவிட்டு உள்ளே போகலாம். அந்தப் பதிவேட்டை அலட்சியம் செய்யாதீர்கள். யாராவது திரும்பி வராவிட்டால் தேடப் போகிறவர்கள் பார்ப்பது அதைத்தான்.

ஜோகன்னஸ்பர்கிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரே நாளில் போய்த் திரும்புவது ஆகாத காரியம். ஹிம்வில்லில் ஒரு இரவு தங்குங்கள்.

அவ்வளவு தூரம் போய்விட்டு சானி பாஸ் உச்சிக்கு ஏறாமல் வருவதா?

இந்தக் கேள்விக்கு என் பதில் பலருக்குப் பிடிக்காது. ஆமாம், ஏறாதீர்கள். உச்சி 2,870 மீட்டருக்கு மேல், லெசோத்தோ எல்லை. பாஸ்போர்ட் வேண்டும். தென்னாப்பிரிக்கச் சாவடிக்கு மேலே ஃபோர்-பை-ஃபோர் வண்டி இல்லாமல் விடமாட்டார்கள். மாலை ஆறு மணிக்குச் சாவடி மூடும். இத்தனையையும் சமாளித்து, வளைவு வளைவாக ஏறி, மேலே ஒரு செல்ஃபி எடுத்து இறங்குவதற்குள் நாள் போய்விடும். பூ பார்த்த மாதிரியே இருக்காது.

ஆர்க்கிட் பார்க்க வேண்டுமானால் ஒரு புல்வெளி போதும். ஒரு கிரிக்கெட் மைதானம் அளவு இடத்தில் மூன்று மணி நேரம் இருங்கள். நடந்துகொண்டே தேடுகிறவர் இரண்டு இனம் பார்க்கும் இடத்தில், குந்தி உட்காருகிறவர் ஏழு எட்டு பார்ப்பார். எங்கள் கூட்டத்தில் வேகமாக நடக்கிறவர்கள் எப்போதும் முன்னால் போய், அப்புறம் பின்னால் வருகிறவர்களின் கூச்சல் கேட்டுத் திரும்பி வருவார்கள். உச்சிக்குப் போகத்தான் வேண்டும் என்றால் அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள்.

புல்லுக்குள் ஒன்றுமே தெரியவில்லையே, எப்படித் தேடுவது?

சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். பூவைத் தேடாமல், புல்லிலிருந்து மாறுபட்ட எதையாவது தேடுங்கள்: நேராக நிற்கும் தடித்த தண்டு, தரையோடு ஒட்டிய அகலமான இலை. ஈரம் சொட்டும் இடங்கள், ஓடைக்கரை, பாறையின் நிழல் விழும் ஓரம், இவற்றை விடாதீர்கள். ஒன்று கண்ணில் பட்டால் அப்படியே நின்றுவிடுங்கள். அடுத்த அடி வைக்குமுன் காலடியைப் பாருங்கள். ஒன்று இருக்கும் இடத்தில் பெரும்பாலும் பத்து இருக்கும். அதில் ஒன்று உங்கள் பூட்ஸுக்கு அடியில் இருக்கலாம்.

பார்த்தது ஆர்க்கிட்தான் என்று எப்படித் தெரியும்?

பூவின் நடுவில் பாருங்கள். செம்பருத்தியில் மகரந்தத் தாள்கள் தனித்தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். ஆர்க்கிட்டில் அப்படி இருக்காது. ஆண் பாகமும் பெண் பாகமும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு சின்னத் தூணாக நிற்கும். மகரந்தம் தூளாக உதிராது. உருண்டையாகத் திரண்டு, அடியில் பசை வைத்த தட்டோடு காத்திருக்கும். அப்புறம் இதழ்கள்: வெளியே மூன்று, உள்ளே மூன்று. உள் மூன்றில் ஒன்று மட்டும் மற்றதுபோல இல்லாமல் உதடாக மாறியிருக்கும்.

இங்கே உள்ள இரண்டு பெரிய கூட்டங்களைப் பிரிக்க ஒரு சுலபமான வழி: வாலை எண்ணுங்கள். பூவின் பின்பக்கம் ஒரே ஒரு வால் அல்லது பை இருந்தால் பெரும்பாலும் டீசா. இரண்டு வால் ஜோடியாகத் தொங்கினால் சட்டீரியம். சட்டீரியத்தில் உதடு மேல்பக்கம் இருக்கும். அதிலிருந்துதான் அந்த இரண்டு வாலும் கிளம்புகின்றன. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு போனாலே கூட்டத்தில் நீங்கள்தான் நிபுணர்.

என்னென்ன பார்க்கக் கிடைக்கும்?

சட்டீரியம் லாங்கிகாடா கிடைக்க வாய்ப்பு அதிகம். வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த கதிர், நீண்ட மெல்லிய இரட்டை வால். அதன் இலையைத் தேடுங்கள்: பூத்தண்டிலிருந்து தள்ளி, தனியாக, தட்டையாகத் தரையில் ஒட்டியிருக்கும். பகலில் வாசனை அதிகம் தெரியாது. சாயங்காலம்தான் மணக்கும், ஏனென்றால் அது கூப்பிடுவது அந்துப்பூச்சிகளை.

ஈரமான இடங்களில் டீசா கிரைசோஸ்டாகியா. ஆரஞ்சு மஞ்சளில் நெருக்கி அடுக்கிய சின்னஞ்சிறு பூக்கள், உயரமான கதிர். தூரத்திலிருந்தே தெரியும். இதற்கு மகரந்தம் சுமப்பது தேன்சிட்டு. அதுவும் அலகில் அல்ல, காலில். கதிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து தேன் குடிக்கும்போது மகரந்த உருண்டை அதன் கால்விரல்களில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த கதிரில் போய் உட்கார்ந்தால் வேலை முடிந்தது.

டீசா கிராசிகார்னிஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம். தடித்த தண்டில், வெளிர் நிறத்தில் ரோஸ் புள்ளி தெளித்த பெரிய பூக்கள், நல்ல மணம். மரநிழலிலும் பைன் தோப்பின் சருகு மெத்தையிலும் டிஸ்பெரிஸ் ஃபானினியே என்ற வெள்ளைக் குல்லாய்ப் பூ வரும். அதன் உள்ளே தேன் கிடையாது, எண்ணெய் இருக்கிறது. ரெடிவீவா என்ற தேனீ இனத்தின் பெண்கள் குஞ்சுகளுக்குத் தீனி செய்ய அந்த எண்ணெயை முன்னங்காலால் வழித்து எடுத்துப் போகும். தேனுக்குப் பதில் எண்ணெய் கொடுத்துக் காரியம் சாதிக்கும் பூக்கள் இந்தப் பக்கத்தில் நிறையவே இருக்கின்றன.

ஏமாற்றும் ஆர்க்கிட் என்று சொல்கிறார்களே, அது என்ன?

இதைப் பார்க்கத்தான் நான் பிப்ரவரியில் இன்னொரு தடவை போவதே. சானி பாஸ் பக்கத்து மேட்டுப் புல்வெளிகளில் சலூசியான்ஸ்கியா என்று ஒரு செடி இருக்கிறது. ஆர்க்கிட் அல்ல, சாதாரணச் செடி. வெள்ளைப் பூ, நீண்ட குழாய், குழாயின் அடியில் தேன். அந்தத் தேனை எட்ட ஒரு ஈக்குத்தான் முடியும்: ப்ரோசீக்கா. அதன் நாக்கு 2 செ.மீ.க்குக் குறையாது, சில இடங்களில் 5 செ.மீ. வரை போகும். பறக்கும்போது அந்த நாக்கை வயிற்றுக்கு அடியில் மடக்கிப் பின்னால் நீட்டிக்கொண்டு வரும். பூவுக்கு முன்னால் வந்ததும் நாக்கை முன்னே வீசி, இறக்கையை நிறுத்தாமலே குழாய்க்குள் செருகும். உட்கார்ந்து பார்த்தால் ரீங்காரம் முதலில் கேட்கும், அப்புறம்தான் ஈ தெரியும்.

இந்த இரண்டு பேரின் கொடுக்கல் வாங்கலுக்கு நடுவே டீசா நிவியா நுழைகிறது. இதுவும் வெள்ளை, இதற்கும் நீண்ட வால். சலூசியான்ஸ்கியா கூட்டமாகப் பூத்திருக்கும் இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும். ஈ அந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. நாக்கை விட்டுப் பார்க்கும். உள்ளே ஒரு சொட்டும் இல்லை. ஆனால் அதற்குள் மகரந்த உருண்டை ஒட்டியாகிவிட்டது. 2005-ல் எங்கள் மாகாணமான க்வாசுலு-நட்டாலின் ஆய்வாளர்கள் இதை விரிவாக எழுதினார்கள். இந்த வித்தை பலிக்க வேண்டுமானால் ஏமாற்றுகிறவர் எண்ணிக்கையில் குறைவாகவே இருக்க வேண்டும். டீசா மட்டும் பெருகிவிட்டால் ஈ கற்றுக்கொண்டு வெள்ளைப் பூவையே ஒதுக்கிவிடும். ஆகவே சலூசியான்ஸ்கியா இல்லாத இடத்தில் இதைத் தேடுவது வீண்.

நேரில் பார்க்கும்போது நமக்கே குழப்பம் வரும். வெள்ளைப் பூக்களுக்கு நடுவில் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் திருப்பிப் பார்க்க ஆசை வரும். கையால் தொடாமல், தலையைச் சாய்த்துப் பாருங்கள்.

சாமிக்கு ஒரே ஒரு பூ பறித்துக்கொள்ளலாமா?

கூடாது. க்வாசுலு-நட்டாலில் காட்டு ஆர்க்கிட் எல்லாமே சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. அனுமதி இல்லாமல் பறிப்பது குற்றம். சாமி படத்துக்குச் சாமந்தி மாலை வாங்க டர்பன் மார்க்கெட் இருக்கிறது. எங்களோடு வரும் ஒரு பெரியம்மா புல்வெளியிலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கும்பிட்டார். அதற்கு எந்தச் சட்டமும் தடை இல்லை.

கிழங்கோடு எடுத்து வீட்டுத் தொட்டியில் வைத்தால் வளராதா?

வளராது, செத்துப்போகும். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி. அதற்குள் முளைக்கத் தேவையான உணவு கிடையாது. மண்ணில் உள்ள ஒரு பூஞ்சை அதற்குள் புகுந்து ஊட்டினால்தான் முளைக்கவே முடியும். வளர்ந்த பிறகும் பல இனங்கள் அந்தப் பூஞ்சையை நம்பியே இருக்கும். உங்கள் தொட்டி மண்ணில் அந்தப் பூஞ்சை இருக்காது. மலைக் குளிரும் இருக்காது. டர்பன் புழுக்கத்துக்கு அது பழகியதல்ல. ஆர்க்கிட் வளர்க்கத்தான் ஆசை என்றால் நர்சரியில் வாங்கி வளருங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை.

இந்தக் கிழங்கு மருந்தாமே?

சித்த மருந்துக்கடையில் சாலாமிசிரி என்று விற்பதும் ஆர்க்கிட் கிழங்குதான். இங்கே சூலு வைத்தியத்திலும் பல ஆர்க்கிட்டுகளுக்கு இடம் உண்டு. டர்பன் வார்விக் பக்கத்து மூலிகைச் சந்தையில் அன்செல்லியாவையும் யூலோஃபியா கிழங்குகளையும் விற்பதுண்டு. காட்டிலிருந்து தோண்டி எடுப்பதால் சில இனங்கள் குறைந்துவருவது உண்மை. அதற்காக ஒரு வைத்திய மரபையே திட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த மாகாணத்தில் புல்வெளியை அதிகம் தின்றது கரும்பும் மரத்தோட்டமும்தான். ஆர்617 சாலையில் போகும்போது இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக நிற்கும் பைனையும் யூகலிப்டஸையும் பாருங்கள். கடற்கரைப் பக்கம் 1860-க்குப் பிறகு தோட்டக் கூலிகளாக வந்த நம் முன்னோர் வெட்டிய கரும்புக்கும் அப்படித்தான் நிலம் கிடைத்தது.

போன இடத்தில் புல்வெளி கருகிக் கிடக்கிறது. எல்லாம் போய்விட்டதா?

இல்லை. பூங்காக்காரர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில் புல்லைத் திட்டமிட்டு எரிப்பார்கள். எரிக்காவிட்டால் பழைய புல் மூடிக்கொண்டு பூச்செடிகளுக்கு வெளிச்சம் விழாது. கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். எரிந்த இடத்தில் அடுத்த மழைக்குப் பிறகு போனால் யூலோஃபியாக்கள் கரி நிற மண்ணில் நன்றாகத் தெரியும்.

பாம்பு இருக்குமா?

இருக்கும். பஃப் ஆடர் என்ற தடித்த விரியன், மலை விரியன், ரிங்கால்ஸ் எல்லாம் அந்தப் பக்கத்துப் பாம்புகள். கணுக்கால் மூடும் பூட்ஸ், நீளமான பேன்ட் போடுங்கள். உட்காருமுன் இடத்தைக் குச்சியால் தட்டுங்கள். உண்மையில் என்னைப் படுத்துவது உண்ணிதான். வீட்டுக்குப் போனதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் பாருங்கள். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சலும், கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கும் வந்தால் டாக்டரிடம் "புல்வெளிக்குப் போனேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

மழை?

காலை பளிச்சென்று இருக்கும். மத்தியானத்துக்கு மேல் மலை முகட்டில் மேகம் கட்டும். இடி கேட்டால் திறந்த புல்வெளியில் நிற்காதீர்கள், தனி மரத்தடியிலும் ஒதுங்காதீர்கள், காருக்குப் போய்விடுங்கள். அதனால்தான் டர்பனில் காலை நாலரைக்கே கிளம்புவது. ஒரு மணிக்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட வேண்டும். கோடைதானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் வருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

சாப்பாடு?

தைப்பூசத்தை ஒட்டிப் போவதால் கூட்டத்தில் பாதிப் பேர் விரதத்தில் இருப்பார்கள். அதனால் சைவம்தான்: புளிச்சாதம், வடை, முறுக்கு, ஒரு பெரிய ஃப்ளாஸ்க்கில் டீ. பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) வாங்கி வரலாம் என்று யாராவது சொல்வார்கள். இரண்டரை மணி நேரப் பயணத்துக்கு அது ஊறிப்போய்விடும், வேண்டாம். நெருப்பு மூட்டி பிராய் போடும் (வாட்டிச் சாப்பிடும்) யோசனையும் வேண்டாம். குப்பையை முழுவதும் திரும்பக் கொண்டுவர ஒரு பை வையுங்கள்.

வயதானவர்களைக் கூட்டிப் போகலாமா?

கட்டாயம் கூட்டிப் போங்கள். வாசலிலிருந்து பத்து நிமிட நடையிலேயே பூ பார்க்கலாம். மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

"அந்த மலையெல்லாம் நமக்கு எதுக்குப்பா?" என்று தாத்தா ஆயாக்கள் மறுத்தால் அது வெறும் சோம்பல் என்று நினைக்காதீர்கள். இனஒதுக்கல் காலத்தில் மலை ஓட்டல்கள் வெள்ளையருக்கு மட்டும். இருநூறு கிலோமீட்டரில் இருந்த மலையைப் படத்தில் மட்டும் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. இரண்டு தடவை கூப்பிடுங்கள். மறுபடியும் கூப்பிடுங்கள்.

குழந்தைகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். அவர்கள் கண் தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் நம்மைவிட முன்பே கண்டுபிடிப்பார்கள்.

எத்தனை பேர் போகலாம்?

எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். கூட்டம் பெரிதானால் ஒரு பூவைப் பார்க்க வரிசையில் நிற்க வேண்டிவரும். சுற்றியுள்ள புல் மிதிபட்டே போகும்.

போட்டோவை எல்லோருக்கும் காட்டலாமா?

படத்தைக் காட்டுங்கள், இடத்தைச் சொல்லாதீர்கள். போனில் லொக்கேஷனை அணைத்துவிட்டு எடுங்கள். அரிய செடிகளைத் தோண்டி விற்கும் கூட்டம் இந்த நாட்டில் உண்டு. அவர்களும் படங்களைப் பார்க்கிறார்கள். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் பதிந்தால் பெயர் தெரிந்தவர்கள் இனத்தைச் சொல்லிவிடுவார்கள். ஆபத்தில் உள்ள இனங்களின் சரியான இடத்தை அதுவே மறைத்துவிடும். பெயர் கேட்பதற்காக எடுக்கிறீர்கள் என்றால் மூன்று படம் தேவை: முன்பக்கம், வால் தெரியும்படி பக்கவாட்டில், அப்புறம் இலை. இலைப் படம் இல்லாமல் "இது என்ன பூ" என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

இதில் ஆர்வம் கூடினால் க்ரூ என்ற தன்னார்வலர் திட்டம் இருக்கிறது. தேசிய பல்லுயிர் நிறுவனமான சான்பி நடத்துவது. அரிய செடிகள் எங்கே எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று பொதுமக்களே போய்க் கணக்கெடுக்கிறார்கள்.

மலை வரை போக முடியாது. பக்கத்தில் ஏதாவது உண்டா?

தென்கடற்கரையில் உம்சிண்டோ பக்கம் வெர்னன் க்ரூக்ஸ் காப்பகம். கரும்புக் காட்டுக்கு நடுவே 2,000 ஹெக்டேருக்கு மேல் மிஞ்சிய புல்வெளியும் காடும். செப்டம்பர், அக்டோபரில் போனால் வசந்தப் பூக்களோடு தரை ஆர்க்கிட்டுகளும் இருக்கும். அதற்கும் நேரம் இல்லையா? டர்பன் தாவரவியல் பூங்காவின் ஆர்க்கிட் வீட்டுக்குப் போங்கள். 1849-ல் தொடங்கிய பூங்கா அது. காட்டுப் பூவுக்கு அது ஈடாகாது. ஆனால் தூண், உதடு, மகரந்த உருண்டை எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை.

திரும்பும்போது கவனிக்க வேண்டியது?

மூன்று மணிக்குள் கிளம்பிவிடுங்கள். மழைக்குப் பிறகு புல்வர் மேட்டில் பனிமூட்டம் இறங்கும், சாலையில் மாடுகள் நிற்கும். ஓட்டுகிறவரைத் தூங்கவிடாமல் பேச ஒருவர் முன்சீட்டில் உட்காரட்டும். ஹோவிக்கில் நிறுத்தி டீ குடித்துவிட்டு ஓட்டுநரை மாற்றிக்கொள்ளுங்கள். அங்கேயிருந்து டர்பன் வரை லாரிக் கூட்டம்தான்.